நாற்பது வரிப் பைத்தானில் ஒரு பல்லாங்குழிப் பலகை

கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷின் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எங்கிருந்தோ ஒரு பிள்ளையார் படத்தை இறக்கி, மரத்தில் செதுக்கி, வீட்டில் எல்லோரிடமும் காட்டிவிட்டு, அடுத்த இரண்டு மாதம் மெஷின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவைத்தேன். அதை மறுபடி திறக்க வைத்தவர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அத்தை. அவர் வீட்டுப் பல்லாங்குழிப் பலகையைக் கரையான் அரித்துவிட்டது. "ஏம்ப்பா, உன் மிஷின்ல ஒண்ணு போட்டுக் குடேன், மரம் நான் தர்றேன்" என்றார். பண்ருட்டிப் பக்கத்து மரவாடியிலிருந்து ஒரு பலாத் துண்டும் வந்து சேர்ந்தது. வீணைக்குப் போகிற அதே பலா, அறுத்தால் மஞ்சள் மஞ்சளாகத் தூள் பறக்கும்.

பல்லாங்குழியில் 14 குழி, எல்லாம் ஒரே அளவு, இரண்டு வரிசை. இதைப் போய் வரைபட மென்பொருளில் முப்பரிமாணமாக வரைந்து, கேம் (CAM, வடிவத்தை மெஷின் வெட்டும் பாதையாக மாற்றுவது) மென்பொருளில் போட்டு, பாதை உருவாக்கி, அப்புறம் "குழி கொஞ்சம் சின்னதா இருக்கே" என்று அத்தை சொன்னால் மறுபடி முதலிலிருந்து வருவதா? இந்த மாதிரித் திரும்பத் திரும்ப வருகிற வேலைக்கு ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, மெஷினுக்கு வேண்டிய ஜி-கோடை, அதாவது எங்கே நகர வேண்டும் என்ற கட்டளைகளை, அதையே எழுதவைப்பது எவ்வளவோ சுலபம். அளவு மாறினால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். பிள்ளையார், பூ வேலை, எழுத்து பொறிப்பது இதெல்லாம் ஸ்கிரிப்டுக்கு ஆகாது, அதற்குக் கேம் மென்பொருள்தான். துளை வரிசை, வட்டம், பள்ளம், கட்டம், இவைதான் ஸ்கிரிப்டின் சொந்த ஊர்.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், 3018 என்று விற்கிற 300க்கு 180 மில்லி மெஷினோ அதைப் போன்ற ஒன்றோ வைத்திருப்பவர்கள், அதில் மெஷினை நடத்தும் மென்பொருளாக ஜிஆர்பிஎல் ஓடுகிறது என்று தெரிந்தவர்கள், பைத்தானில் ஃபார் லூப் வரை எட்டிப் பார்த்தவர்கள். அவ்வளவு போதும்.

ஜி-கோடில் தெரிந்திருக்க வேண்டியது

இந்த மொழியின் வேர் 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஆராய்ச்சியில் இருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நம் வேலைக்கு ஒரு கைப்பிடி வார்த்தைதான். ஜி21 என்றால் அளவு மில்லிமீட்டரில். ஜி90 என்றால் நான் சொல்வது ஜீரோவிலிருந்து அளந்த இடம். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாகப் போ. ஜி1 என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போ. ஜி2 கடிகாரச் சுற்று வளைவு, ஜி3 எதிர்ச் சுற்று. எம்3 ஸ்பிண்டிலை, அதாவது பிட் என்கிற வெட்டும் முனையைப் பிடித்திருக்கும் மோட்டாரை, சுழற்று, எம்5 நிறுத்து. எஃப் என்பது ஃபீட், நிமிடத்துக்கு எத்தனை மில்லி நகர வேண்டும் என்று. இங்கே வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்தாகத்தான் அடிக்க வேண்டும்.

முதல் குழியின் ஆரம்பம் இப்படி இருக்கும்:

ஜி21
ஜி90
எம்3 எஸ்10000
ஜி4 பி3
ஜி0 இசட்5
ஜி0 எக்ஸ்30 ஒய்28
ஜி1 இசட்-0.5 எஃப்100
ஜி1 எக்ஸ்31.4 ஒய்28 எஃப்500
ஜி3 எக்ஸ்31.4 ஒய்28 ஐ-1.4 ஜே0

கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள், புதியவர்கள் எல்லோரும் இடறுகிற இடம் இது. பிட் இப்போது 31.4இல் நிற்கிறது, போக வேண்டிய இடமும் 31.4தான். அதாவது ஒரு முழு வட்டம் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வா என்கிறோம். ஐ, ஜே இரண்டும் வட்டத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று சொல்பவை, ஆனால் ஜீரோவிலிருந்து அளந்து அல்ல, பிட் நிற்கும் இடத்திலிருந்து. மையம் 1.4 மில்லி இடப்பக்கம் இருப்பதால் ஐ-1.4. முழு வட்டத்துக்கு இந்த முறைதான், ஆரத்தைக் கொடுக்கும் ஆர் முறையில் முழு வட்டம் வராது.

நான்காவது வரியில் உள்ள ஜி4 பி3 ஸ்பிண்டில் வேகம் பிடிக்கும்வரை மூன்று வினாடி காத்திரு என்பது. அப்புறம் அந்த எஸ்10000. ஜிஆர்பிஎல் அமைப்புகளில் டாலர் 30 ($30) என்று ஒன்று உண்டு, அதிகபட்சச் சுழற்சி எவ்வளவு என்று வைத்திருக்கும் இடம். பல மெஷின்களில் அது 1000 என்று இருக்கும். அப்போது எஸ்1000க்கு மேல் எதைக் கொடுத்தாலும் முழு வேகம்தான். பாதி வேகம் வேண்டும் என்று நினைத்து எஸ்5000 கொடுத்துவிட்டு ஏன் குறையவில்லை என்று யோசித்தால் காரணம் இதுதான்.

இன்னொன்று, பெரிய மெஷின்களுக்கான பாடங்களைப் படித்துவிட்டு ஜி81 துளைச் சுழற்சி, ஜி41 பிட் ஈடுசெய்தல் எல்லாம் போடாதீர்கள். அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல்லுக்கு அவை தெரியாது, எர்ரர் 20 என்று நின்றுவிடும். மாறிகளும் லூப்பும் கூட அதில் கிடையாது. அந்த மூளை வேலையெல்லாம் நம் பைத்தானில்தான் நடக்க வேண்டும்.

எண்களை மேலே வையுங்கள்

ஸ்கிரிப்டின் தலையில் எல்லா அளவும் வரட்டும். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அது ஏற்றுக்கொள்ளும்:

குழி_விட்டம் = 32
குழி_ஆழம் = 10
நெடுக்கு_இடைவெளி = 38
குறுக்கு_இடைவெளி = 42
பிட்_விட்டம் = 3.175
ஒரு_சுற்று_ஆழம் = 0.5
வளைய_இடைவெளி = 1.4
வெட்டும்_வேகம் = 500
இறங்கும்_வேகம் = 100
மேல்_உயரம் = 5

முதல் குழியின் மையம் எக்ஸ்30, ஒய்28. பலகை 288க்கு 98 மில்லி, கனம் 20. ஏழு குழியும் 38 மில்லி இடைவெளியில் எக்ஸ்258இல் முடியும், 3018இன் 300 மில்லிக்குள் அடங்கும். பலகையின் இடது முன் மூலைதான் ஜீரோ, மரத்தின் மேல்பரப்பு இசட் ஜீரோ. அதனால் வெட்டுகிற ஆழமெல்லாம் மைனஸ். இசட் ஜீரோ பிடிக்கப் பிட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தாள் லேசாக இழுபடும்வரை இறக்கினால் போதும், இந்த வேலைக்கு அதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை.

தமிழ்ப் பெயர் பற்றி ஒரு எச்சரிக்கை. பைத்தானுக்குள் தமிழ் இருக்கலாம், ஜி-கோட் கோப்புக்குள் குறிப்பாகக்கூடத் தமிழ் போகக் கூடாது. நான் ஆசையாக ஒவ்வொரு குழிக்கும் அடைப்புக்குறியில் தமிழில் குறிப்பு எழுதவைத்தேன். ஓடும்போது ஸ்பிண்டில் வேகமும் ஃபீடும் தானாக ஏறி இறங்கின, ஒரு நாள் முழுக்க வயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். விஷயம் என்னவென்றால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கோப்பில் மூன்றோ அதற்கு மேலோ பைட்டாகப் போகிறது, ஜிஆர்பிஎல் 1.1 பதிப்பு அந்த வரம்பில் வரும் சில பைட்களை உடனடிக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. 'ச' எழுத்தின் கடைசி பைட் அதற்கு "ஸ்பிண்டில் வேகத்தைப் 10 சதவீதம் கூட்டு". 'ஒ' எழுத்தின் கடைசி பைட் "ஃபீடைப் 10 சதவீதம் குறை". குறிப்புகளை நீக்கிவிட்டு மெஷினுக்கு அனுப்பும் சென்டர் (sender) மென்பொருளில் இது தெரியவராது, அப்படியே அனுப்பும் மென்பொருளில் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது.

கிண்ணத்தின் கணக்கு

பல்லாங்குழிக் குழி என்பது ஒரு உருண்டையின் அடித்துண்டு. உருண்டையின் ஆரம் கண்டுபிடிக்க, குழியின் ஆரத்தின் வர்க்கத்தையும் ஆழத்தின் வர்க்கத்தையும் கூட்டி, ஆழத்தின் இரு மடங்கால் வகுங்கள். நமக்கு 256ம் 100ம் சேர்ந்து 356, அதை 20ஆல் வகுத்தால் 17.8. அப்படியானால் உருண்டையின் மையம் மரத்துக்கு மேலே 7.8 மில்லியில் இருக்கிறது. எந்த ஆழத்தில் கேட்டாலும் அங்கே குழியின் ஆரம் எவ்வளவு என்று பிதாகரஸ் சொல்லிவிடுவார்: 17.8இன் வர்க்கத்திலிருந்து, 7.8உடன் ஆழத்தைக் கூட்டி வருவதன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். 5 மில்லி ஆழத்தில் 12.37 வரும்.

பிட்டுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. 12.37 ஆரத்தில் பிட்டின் மையத்தைச் சுற்றவிட்டால் வெட்டு அதைவிட 1.59 மில்லி வெளியே போகும். அதனால் பிட்டின் ஆரத்தைக் கழித்து 10.78இல் சுற்ற வேண்டும். ஜி41 இல்லாத மெஷினில் இந்தக் கழித்தல்தான் ஈடுசெய்தல்.

இப்போது ஸ்கிரிப்டின் உடல். தமிழில் சொன்னால்:

ஒவ்வொரு குழிக்கும்
... மேல் உயரத்துக்கு ஏறு, குழியின் மையத்துக்குப் போ
... ஆழம் 0.5, 1, 1.5 என்று ஒவ்வொன்றுக்கும்
...... மையத்துக்கு வா, மெதுவாக அந்த ஆழத்துக்கு இறங்கு
...... இந்த ஆழத்தில் போகக்கூடிய அதிகபட்ச ஆரத்தைக் கணக்கிடு
...... 1.4, 2.8, 4.2 என்று வளையம் வளையமாகச் சுற்று
...... கடைசி வளையம் சரியாக அதிகபட்ச ஆரத்தில்
... மேல் உயரத்துக்கு ஏறு

வெளி விளிம்பை மட்டும் சுற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், நடுவில் மரம் தூண் மாதிரி நிற்கும், அடுத்த ஆழத்துக்கு இறங்கும்போது பிட் நேராக அதன் தலையில் போய் உட்காரும். அதனால்தான் நடுவிலிருந்து வளையங்கள்.

கடைசி வளையத்துக்கு ஏன் தனி வரி என்றால், 0.5 ஆழத்தில் அதிகபட்ச ஆரம் 14.16. 1.4இன் மடங்காகப் போனால் 14.0இல் நின்றுவிடும், விளிம்பு ஒவ்வொரு அடுக்கிலும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொள்ளும். அடுத்த வளையம் அதிகபட்சத்தைத் தாண்டினால் அதிகபட்சத்தையே எடு என்று ஒரு மின் (min) ஃபங்ஷன் போட்டால் சரி.

பைத்தானில் வழுக்குகிற இடங்கள் சில உண்டு. ரேஞ்ச் என்பது தசம எண்களுக்கு வேலை செய்யாது, கடைசி எண்ணையும் விட்டுவிடும். எத்தனை அடுக்கு என்று முழு எண்ணாகக் கணக்கிட்டு, உள்ளே 0.5ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சரியாக 10 மில்லி ஆழத்தில் வர்க்கமூலத்துக்குள் பூஜ்யத்துக்கும் கீழே ஒரு கடுகளவு எண் வந்து பைத்தான் கோபித்துக்கொள்ளலாம், அதனால் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று மேக்ஸ் (max) போட்டுவிடுங்கள். அங்கே பிட் நுழையவே இடமில்லை, அந்த அடுக்கையே தாண்டிவிட வேண்டும். குழியின் நிஜ ஆழம் 9.5தான் வரும். புளியங்கொட்டைக்கு அது போதும்.

எண்களை எழுதும்போது எப்போதும் மூன்று தசம இடத்துக்கு வெட்டி எழுதுங்கள். இதற்குக் காரணம் அழகுக்காக இல்லை. வட்டத்தில் புள்ளிகள் கணக்கிட கோசைன் பயன்படுத்தினால், 90 டிகிரிக்குப் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் பைத்தான் 6.123 என்று ஆரம்பித்து வால் பகுதியில் ஒரு ஈ எழுத்தும் மைனஸ் 17ம் போட்டு அச்சடிக்கும். மனிதருக்கு அது பூஜ்யம், ஜிஆர்பிஎல்லுக்கு அது புரியாத வரி. கூடவே, கோசைனும் சைனும் டிகிரியில் அல்ல, ரேடியனில் கேட்பவை. 90ஐ அப்படியே கொடுத்தால் எர்ரர் வராது, வேறு எங்கேயோ ஒரு புள்ளி வரும். எர்ரர் வராத தப்புதான் மெஷினில் மோசமானது.

இனி என் கதை. முதல் பதிப்பில், குழி முடிந்ததும் மேலே ஏறச் சொல்லும் வரியை ஒரு டேப் இடப்பக்கம் தள்ளி எழுதிவிட்டேன். பைத்தானில் அந்த ஒரு டேப் என்றால், ஒவ்வொரு குழிக்கும் ஏறாதே, எல்லாம் முடிந்த பிறகு ஒரு முறை ஏறு என்று அர்த்தம். முதல் குழி அவ்வளவு நேர்த்தியாக வந்தது, நான் காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். பிட் 9.5 மில்லி ஆழத்தில் இருந்தபடியே ஜி0 வேகத்தில் இரண்டாவது குழியை நோக்கிக் கிளம்பியது. குழியின் சுவரில் மோதி, மரத்துக்குள் ஒரு நகத்தின் நீளத்துக்குக் கருகிய கோடு போட்டு, 'டிக்' என்று ஒரு சத்தம். பிட்டின் பாதி இன்னும் அந்தப் பலாவுக்குள் இருக்கிறது. மோட்டார் மட்டும் ஒன்றும் நடக்காதது போல முழுப் பலகையையும் காற்றில் செதுக்கி முடித்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உளி எடுத்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மேலே ஏறும் வரி ஒவ்வொரு குழியின் முதல் வரியாகவும் இருக்கும், கடைசி வரியாகவும் இருக்கும். இரண்டு முறை ஏறினால் நஷ்டமில்லை.

ஓட்டுவதற்கு முன்

ஒவ்வொரு வரியையும் நேரடியாகக் கோப்பில் எழுதாமல், ஒரு சின்ன ஃபங்ஷன் வழியாக எழுதுங்கள். அந்த ஃபங்ஷன் வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. எக்ஸ், ஒய், இசட் எதெது அதிகபட்சம், எது குறைந்தபட்சம் என்று குறித்துக்கொண்டே வரட்டும், பலகையின் கனத்தைத் தாண்டி இசட் இறங்கினால் கோப்பையே எழுதாமல் நிற்கட்டும். பிட் போகும் தூரத்தையும் கூட்டிக்கொண்டே வந்தால் எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே தெரியும். நம் குழி ஒன்றுக்கு முன்னூறுக்கு மேல் வரிகள், ஏறக்குறைய 6,200 மில்லி பயணம், 500 வேகத்தில் 12 நிமிடத்துக்குச் சற்று மேல். பதினான்குக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 6 மில்லி பிட் போட்டு, வளைய இடைவெளியை 2.5 ஆக்கினால் நேரம் பாதியாகும், மாற்ற வேண்டியது இரண்டே எண். மெஷின் முனகினால் ஒரு சுற்றின் ஆழத்தைக் குறையுங்கள்.

வேகம் சரிதானா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஃபீடைச் சுழற்சியாலும் பிட்டின் வெட்டு விளிம்பு எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒவ்வொரு விளிம்பும் எவ்வளவு மரம் கடிக்கிறது என்று வரும். 500ஐ 10000ஆலும் இரண்டாலும் வகுத்தால் 0.025 மில்லி. சின்ன மெஷினுக்கு ஆரம்பிக்க நல்ல இடம். ரொம்பக் குறைத்தால் பிட் வெட்டாமல் தேய்க்கும், மரம் கருகும். சீவல் சீவலாக வருகிறதா, மாவு மாதிரி வருகிறதா என்று பாருங்கள். மாவாக வந்தால் ஃபீடைக் கூட்டுங்கள், காதும் மூக்கும் மீதியைச் சொல்லிவிடும்.

கோப்பு தயாரானதும் கேமோட்டிக்ஸ் போன்ற ஒரு சிமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். என் டேப் தப்பு அங்கே ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை. அடுத்து மெஷினில் டாலர் சி ($C) அடித்துச் சோதனை நிலைக்குப் போய்க் கோப்பை அனுப்புங்கள், மோட்டார் அசையாமல் வரிகளை மட்டும் படித்து எர்ரர் இருந்தால் சொல்லும். மூன்றாவதாக ஏர் கட், இசட் ஜீரோவை மரத்துக்கு 15 மில்லி மேலே வைத்துக் காற்றில் ஒரு குழியை ஓடவிடுவது. கண்ணாடி போடுங்கள், தூளுக்கு மாஸ்க், தோளில் துண்டு வேண்டாம், கையுறையும் வேண்டாம், சுழலும் பிட் துணியைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். லேப்டாப் தூங்கப் போகாமல் அமைப்பை மாற்றிவிடுங்கள், யூஎஸ்பி வழியாக வரி வரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது அது தூங்கினால் பிட் மரத்துக்குள்ளேயே நின்று சுழன்றுகொண்டிருக்கும்.

கரண்ட் போனால்

கடலூரில் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் மூன்று மணி நேர வேலையை ஆரம்பிக்கிறேன். அப்படியும் ஐப்பசி கார்த்திகையில் காற்று அடித்தால் யாரைக் கேட்டுக்கொண்டு கரண்ட் போகிறது? எல்லையைத் தொட்டு உணரும் லிமிட் சுவிட்ச் இல்லாத மெஷின் கரண்ட் போய் வந்ததும் தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிடும்.

அதனால் 14 குழிகளையும் ஒரே கோப்பாக எழுதாமல், 14 கோப்புகளாக எழுதவையுங்கள். ஸ்கிரிப்டில் இது இரண்டு வரி மாற்றம்தான், கோப்பைத் திறக்கும் வரியையும் ஆரம்பக் கட்டளைகளையும் குழி லூப்புக்குள் கொண்டுவர வேண்டும், முடிவில் எம்5, எம்30. பெயரில் வரிசை எண் இருக்கட்டும். எட்டாவது குழியில் கரண்ட் போனால், மோட்டாரைக் கையால் திருப்பிப் பிட்டை மேலே எடுத்துவிட்டு, கரண்ட் வந்ததும் ஜீரோவைப் புதிதாகப் பிடித்து, எட்டிலிருந்து ஓட்டலாம். ஏற்கெனவே வெட்டிய இடத்தில் பிட் காற்றில் சுற்றிவிட்டு மீதியை முடிக்கும்.

ஜீரோ திரும்பச் சரியாகக் கிடைக்க, மெஷின் மேசையின் கீழ்ப்பலகையில் 'ட' வடிவத்தில் இரண்டு மரச்சட்டம் திருகிவையுங்கள். பலகையின் மூலை எப்போதும் அந்த முட்டில் வந்து உட்காரும். மறுபடி ஜீரோ பிடிக்கும்போது கால் மில்லி தள்ளிப்போனாலும் கவலையில்லை, ஒவ்வொரு குழியும் தனித்தனி. பாதியில் நின்ற அந்தக் குழியில் மட்டும் ஒரு மெல்லிய வரி விழும், தேய்த்தால் போய்விடும்.

தேய்க்கத்தான் வேண்டியிருக்கிறது. தட்டை முனை பிட் அரை மில்லி படிக்கட்டாகத்தான் கிண்ணத்தை வெட்டித் தரும், உருண்டை முனை பிட் இருந்தால் படி குறையும். உருண்டையின் விட்டம் 35.6 அல்லவா, ஏறக்குறைய அதே பருமனில் ஒரு சின்ன ரப்பர் பந்து வாங்கி, அதன் மேல் 80 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி ஒரு குழிக்கு இரண்டு நிமிடம் திருகினேன், அப்புறம் 120, 220. தேங்காய் எண்ணெய் தடவியதும் பலா மஞ்சள் தேன் நிறமாகிவிட்டது. அத்தை குழிக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ஏழாவது குழிப் பக்கம் பிடித்து எடுக்க ஒரு கைப்பிடி வைத்திருக்கலாமே என்றார். மேலே இன்னும் இரண்டு எண் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.